நெட்டுக்கும் முறை உண்டு

ஜூன் 3

அத்தான், இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். இதழினி இப்போதுதான் தூங்கினாள். பாத்திரம் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி இனி படம் கிடையாது, வீடியோ கிடையாது, வெறும் எழுத்துதான். கப்பலில் ஆளுக்கு இவ்வளவு நெட் என்று அளந்து கொடுக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளை தும்முகிற வீடியோவை அனுப்பினேன். அது உங்கள் பாதி மாதப் பங்கைத் தின்றுவிட்டது என்கிறீர்கள். ஒரு தும்மல்! அதனால் தினமும் குறித்துவைத்து, வாரக் கடைசியில் சேர்த்து அனுப்புகிறேன். ஒரு வார எழுத்து முழுவதும் சேர்ந்தாலும் அந்தத் தும்மலின் முதல் 'அ'வுக்குக்கூட வராது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

இன்று வேலை தொடங்கியது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தே லேப்டாப் வழியாகக் கஸ்டமர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலை பத்திலிருந்து ஒன்று வரை. இந்த மாதம் முழுக்க சோதனைக் காலம். மாதக் கடைசியில் மேற்பார்வை செய்கிற ஹரிணி ஒட்டுக்கேட்டு மார்க் போடுவாள். தேறினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் என்ன செய்வதாக ஹார்பர் வாசலில் வைத்து நீங்கள் சொன்னீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடாமல் இங்கேயே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிடுகிறேன் என்று சொன்னீர்கள். நினைவுபடுத்துவதற்காகச் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

அந்த மூன்று மணி நேரமும் பிள்ளை பக்கத்து வீட்டு ஜெயசீலி மைனியிடம். நைட்டி தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் சிங்கப்பூரில் வாங்கிவந்த கேமராவை அவள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அது காட்டுவது என் போனில் தெரியும்.

"என் வீட்டுக்குள்ள கேமராவா? நான் எந்தக் கோலத்துல அலைவேனோ, உனக்கென்னட்டி!"

கடைசியில் பிள்ளை படுக்கிற பாயை மட்டும் பார்க்கும்படி திருப்பி வைத்துச் சமாதானம் ஆனோம்.

ஜூன் 5

இன்று பாய் காலி.

நாமக்கல்லில் இருந்து பேசிய ஓர் அம்மாவுக்குக் குழாயை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை நிமிர்த்திப் பார்த்தால் பாய் மட்டும் இருக்கிறது, பிள்ளை இல்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மைனி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள பாயிலயே ஒட்டிக்கிட்டா கிடக்கும்? அதென்ன பல்லியா?"

திரும்பி வருவதற்குள் நாமக்கல் அம்மா வைத்துவிட்டாள். ஹரிணி கூப்பிட்டாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், பேச்சில் மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ். "செண்பகவல்லி, கஸ்டமரைப் பாதியில் விட்டுட்டுப் போனது இதுவே கடைசியா இருக்கட்டும்" என்றாள்.

ஜூன் 6

எழுந்து ஓடாத நேரத்திலும் தொல்லைதான். குரல் உடைகிறது. "உங்க பேச்சு கொத்துப் பரோட்டா மாதிரி வருது மேடம்" என்றார் ஒரு கஸ்டமர்.

காரணம் தெரிந்ததே. நம் காம்பவுண்டில் நாலு வீட்டுக்கும் ஒரே இணைப்பு. வைஃபை பெட்டி வாசல் பக்கம் சங்கரலிங்க மாமா வீட்டில், நாமோ கடைசி வீடு. சிக்னல் மூன்று சுவரைத் தாண்டி நம்மிடம் வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்குகிறது. மாமா காலை முழுவதும் ஏதாவது ஒரு கோயில் அபிஷேகத்தை நேரலையில் பார்க்கிறார். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு சாமியையும் விட்டுவைப்பதில்லை. மாடி வின்ஸ்டன் ஐஸ் பாக்டரியில் ராத்திரி வேலை முடித்துவந்து, பகல் முழுக்க கேமில் யாரையாவது சுட்டுக்கொண்டிருக்கிறான். மைனி சமையல் வீடியோ பார்த்தபடி தைக்கிறாள். எல்லாரும் ஒரே குழாயில் வாய் வைத்தால் என் வாய்க்கு என்ன வரும்?

இன்னொன்று. இதழினியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதே இல்லை. பத்து மாதத்தில் திரும்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. மூன்று இடத்தில் படித்துவிட்டேன். உங்களுக்குக் கவலை வேண்டாம். எனக்கும் இல்லை. இந்த வாரத்தை இத்தோடு அனுப்புகிறேன்.

ஜூன் 8

உங்கள் பதில் வந்தது: "படித்தேன். சரி."

அத்தான், எழுத்துக்கு எடையே கிடையாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேனே! இன்னும் ரெண்டு வார்த்தை போட்டிருந்தால் கப்பல் ஒன்றும் முங்கிவிடாது. எதற்குச் சரி? காதுக்கா, கொத்துப் பரோட்டாவுக்கா, ஹார்பர் வாசலுக்கா? நான் கேட்கவில்லை.

இன்று பஞ்சாயத்து கூட்டினேன். குழாயடியில்தான். நாலு பேரும் குடத்தோடு நிற்கிற நேரம் அது ஒன்றுதான்.

"தண்ணிக்கு முறை வச்சிருக்கோம்லா, மாமா? அதே மாதிரி நெட்டுக்கும் முறை வச்சிருவோம். எனக்கு வேலை நேரத்துல மத்தவங்க கொஞ்சம் கம்மியா புழங்கணும்."

"அதெப்படிம்மா, நெட்டக் குடத்துலயா புடிப்பே?" என்றார் மாமா.

"பெட்டியிலேயே அளவு வைக்கலாம் மாமா. இந்த வீட்டுக்கு இவ்வளவுன்னு."

"சாமி பாக்க அளவா? தேரோட்டம் அன்னைக்கி என்ன செய்வேன்?"

"தேரோட்டத்துக்குக் கூட்டித் தாரேன்."

வின்ஸ்டன் மட்டும் ஒருமாதிரி சிரித்தான். "அக்கா, பெட்டியோட பாஸ்வேர்டு யார் கையில இருக்கும்?"

"படிச்சவ கையில" என்றாள் மைனி, குடத்தைத் தூக்கிக்கொண்டே. அவள் எதை யோசித்துச் சொன்னாளோ, எனக்குப் பதவி கிடைத்துவிட்டது.

ஜூன் 9

குரல் பேசுவதற்குத் தேவையான நெட் மிகக் குறைவு. ஆனால் இடைவிடாமல் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலும் போதும், நின்றுவிடக் கூடாது. வீடியோ அப்படியில்லை. வாளி வாளியாக வேண்டும். பெட்டியில் என் லேப்டாப்புக்கு முதலிடம் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்குகிற மாதிரி, என் பேச்சு வந்தால் மாமாவின் அபிஷேகம் ஒதுங்க வேண்டும். எதிர்க் கட்டடத்து வைஃபையும் நம்முடையதும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொண்டிருந்தன. நம்முடையதை வேறு வரிசைக்கு மாற்றினேன்.

பிறகு அந்த மூன்று சுவர். காற்றை நம்பவே வேண்டாம் என்று நீளமாக ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்கி, பெட்டியிலிருந்து நம் ஜன்னல் வரைக்கும் இழுத்துவிட்டேன். கட்டுவதற்குக் கம்பம் இல்லை. முற்றத்துத் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டினேன். சாயங்காலம் பார்த்தால் மாமா தன் ஈர வேட்டியை அதன்மேல் காயப்போட்டிருக்கிறார்.

"புதுக்கொடி நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்மா."

ஜூன் 12

திருடனைப் பிடித்துவிட்டேன்!

இத்தனை செய்தும் குரல் நடுவில் நடுவில் தடுக்கிக்கொண்டுதான் இருந்தது. மத்தியானம் பெட்டியில் யார் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்த்தேன். மாமாவின் போன், மைனியின் போன், வின்ஸ்டனின் கம்ப்யூட்டர், எல்லாம் அடக்கமாக இருக்கின்றன. அவற்றோடு, எழுத்தும் எண்ணுமாகக் கொசகொசவென்று பெயர் வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று இருக்கிறது. ராவும் பகலும் ஓய்வில்லாமல் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வெளியே போகிற பாதையை முக்கால்வாசி அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. வேறு யார்? வின்ஸ்டன்தான். கேம் ஆடுகிற எதையோ ஒளித்துவைத்திருக்கிறான்.

கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். நைசாக அதன் கழுத்தைப் பிடித்து நெரித்து, நூல் அளவுக்கு மட்டும் விட்டேன். அடுத்த நிமிடமே என் பேச்சு கண்ணாடி மாதிரி தெளிவாகிவிட்டது. கையோடு மற்றவர்களுடைய அளவையும் பேசியதைவிடக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். பேசியதைவிட நிறையவே குறைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். நீங்கள் யாரிடம் சொல்லப்போகிறீர்கள், நடுக்கடலில்!

இன்று பிள்ளையும் சமத்தாகத் தூங்கினாள். நீலச் சட்டை, இடது கை தலைக்கு மேல்.

ஜூன் 15

ஹரிணி பாராட்டினாள்! "இப்போ நல்ல ஃபோகஸ் வந்திருக்கு, செண்பகவல்லி" என்றாள். வரத்தானே செய்யும்! ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் போனைப் பார்க்கிறேன், இதழினி பாயில் அசையாமல் தூங்குகிறாள். படத்தின் மூலையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேமரா விழித்திருக்கிறது என்று அர்த்தம்போல. வேலை தொடங்கியதிலிருந்து நான் எழுந்து ஓடாத நாட்கள் இவைதான்.

ஒரே ஒரு குறை. காலையில் மஞ்சள் கவுன் போட்டுத்தான் அனுப்பினேன். மைனி மறுபடியும் அந்த நீலச் சட்டையைத்தான் மாட்டியிருக்கிறாள். ஒரு மணிக்குத் தூக்கப் போனால் மறுபடி மஞ்சள் கவுன்! நான் போட்டுவிட்டதில் அவளுக்கு என்ன குறை? தையல்காரி என்றால் ஊரில் உள்ள துணிக்கெல்லாம் அவள்தான் அதிகாரியா? கேட்டால் சண்டை வரும். வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் பதில்: "நல்லது. பிள்ளையைப் பார்த்துக்கொள். சாப்பிட்டாயா. சரி." முன்னேற்றம்தான். ஆனால் அடுத்த கப்பல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கப்பல் கம்பெனிக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சும்மா குறிப்பிடுகிறேன்.

ஜூன் 17

இன்று பிள்ளையின் நெற்றியில் திருநீறு. ஜெயசீலி மைனி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் வீட்டில் திருநீறு எங்கிருந்து வந்தது?

"நீ பூசினதுதான" என்றாள். நான் பூசவில்லை. எனக்கு மறதி வந்துவிட்டதா? பிரசவத்துக்குப் பிறகு மறதி வரும் என்று படித்திருக்கிறேன். அதை எங்கே படித்தேன் என்பதுதான் மறந்துவிட்டது.

இதழினி, இதழினி என்று எட்டு முறை கூப்பிட்டேன். ஒருமுறையும் திரும்பவில்லை. தட்டைக் கீழே போட்டால் திரும்புகிறாள். பெயருக்குத்தான் இல்லை. தெற்குப் பக்கம் காது டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். சோதனைக் காலம் முடிந்ததும் கூட்டிப் போகிறேன்.

ஜூன் 19

காம்பவுண்டில் யாரும் நெட்டைப் பற்றிப் புகாரே சொல்வதில்லை. இதுதான் எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கு நான் விட்டிருக்கிற அளவுக்கு அபிஷேகத்துப் பால் சொட்டு சொட்டாகத்தான் விழும். அவரோ கொடிக்கயிற்றுப் பக்கம் பார்த்தபோது "வேல நல்லாப் போவுதாம்மா?" என்றார். அப்புறம் காரணமே இல்லாமல் சிரித்தார். வின்ஸ்டனும் சிரிக்கிறான். எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

ஜூன் 22

பிள்ளையின் கையில் ஐஸ்கட்டி குளிர்ச்சி. வாயில் கருவாட்டு வாசம். சட்டை மஞ்சள். போனில் நீலம். எனக்குத் தூக்கம் போதவில்லை.

ஜூன் 24

நாளை மறுநாள் ஹரிணி ஒட்டுக்கேட்கிறாள். இன்று எழுத வேறு எதுவும் இல்லை.

ஜூன் 26

இதை மெதுவாகப் படியுங்கள். உங்கள் பங்கு நெட் தீர்ந்தாலும் பரவாயில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. இதழினியை மஞ்சள் கவுனில் மைனியிடம் கொடுத்தேன். போனை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்தேன். நீலச் சட்டை, இடது கை தலைக்கு மேல், நல்ல தூக்கம். ஹரிணி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு அழைப்பு நன்றாகவே முடிந்தது. ஐந்தாவது, ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெரியவர். மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறதாம், தண்ணீர் வரவில்லையாம். குரலில் நல்ல கோபம்.

"சார், மெஷினுக்குக் கீழ ஒரு மூடி இருக்கும், அதைத் திறங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்பு.

அத்தான், நம் காம்பவுண்டில் கைக்குழந்தை ஒன்றுதான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? போனைப் பார்த்தேன். பிள்ளை தூங்குகிறாள். ஜன்னலைப் பார்த்தேன். சங்கரலிங்க மாமாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் கவுன், நெற்றியில் திருநீறு. ரெண்டு கையாலும் கொடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கொடியை அல்ல, என் கேபிளை.

போனை மறுபடி பார்த்தேன். நீலச் சட்டை. மூலையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

படித்தவள் அல்லவா, அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கொசகொச பெயர். ராவும் பகலும் வெளியே அனுப்புகிற திருடன். வின்ஸ்டனுடைய கேம் ஒன்றும் இல்லை அது. சிங்கப்பூர் கேமரா. அதன் கழுத்தை நானே நெரித்து, கடைசியாக வந்த படத்தையே ரெண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"அலோ, திறந்தாச்சு, அடுத்தது சொல்லும்மா!" என்றார் பெரியவர்.

"உள்ள நீல பட்டன் இருக்கும் சார்" என்று என் வாய் சொல்லிற்று. கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே 'விடச் சொல்லுங்கள்' என்று ஆடியது.

முதலில் மைனி பார்த்தாள். கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள். சத்தம் போடக் கூடாது என்று தெரியும், அதனால் ரகசியக் குரலில் கூவினாள்: "ஏ ரோஸு! ரோஸு, விடு பிள்ள!"

இதழினி டக்கென்று அவள் பக்கம் திரும்பினாள்.

மாடிப்படியில் இருந்து வின்ஸ்டன்: "சிங்கம்! சிங்கம், இங்க பாரு!" அவன் பக்கம் திரும்பினாள்.

மாமா தலையைத் தூக்கி, "ஆவுடை, எஞ் செல்லம்லா, விட்ரு ஆவுடை" என்றார். குனிந்து அவர் மூக்கைப் பார்த்தாள்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு "இதழினி" என்றேன். திரும்பவில்லை. அப்படி ஒரு ஆள் அந்தக் காம்பவுண்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. காதெல்லாம் நன்றாகவே இருக்கிறது அத்தான். மூன்று பேருக்குத் திரும்புகிற காது.

ஆட்டம் பிடித்துப்போன சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே ஒரு இழு இழுத்தாள். லேப்டாப்பில் இருந்து கேபிள் துள்ளிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

"அலோ? அலோ?" என்றார் பெரியவர். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் அடுத்த கப்பல்கூட கண்ணுக்குத் தெரிந்தது.

லேப்டாப் தானாகவே வைஃபையைப் பிடித்துக்கொண்டது. மூன்று சுவர் தாண்டி வருகிற அதே நொண்டி வைஃபை. ஆனால் குரல் உடையவில்லை. ஏன் தெரியுமா? நெட்டைத் தின்கிற அத்தனை பேரும் முற்றத்தில் நின்று என் மகளைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். காற்று முழுவதும் எனக்கே காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, குழந்தை சத்தம் கேக்குது?" என்றார் பெரியவர். கோபம் எங்கே போயிற்றோ!

"ஆமா சார். மன்னிக்கணும்."

"பையனா, புள்ளையா?"

"பொண்ணு சார்."

"சிரிக்கிறா, சிரிக்கட்டும். எம் பேத்தியும் இப்படித்தேன். மெஷினு கெடக்குது, போயிப் பாருங்க அம்மிணி."

"சார், அந்த நீல பட்டனை ஒரு தடவை அழுத்திட்டுச் சொல்லுங்க, போறேன்."

அவர் பட்டனை அழுத்துகிற 'டக்' வந்தது. பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது, அவ்வளவு தெளிவு!

ஹரிணி கடைசியில் பேசினாள். "நடுவுல ஒரு செகண்ட் லைன் போச்சு. பேக்ரவுண்ட்ல குழந்தை. ரெண்டுக்கும் மார்க் குறைச்சிருக்கேன். ரிசல்ட் மெயில்ல வரும்." வைத்துவிட்டாள்.

ஹெட்போனோடேயே முற்றத்துக்குப் போனேன். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். அவள் மட்டும் கேபிள் முனையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"மைனி, பிள்ள பாயில தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்!"

"நீதான எல்லாருக்கும் நெட்ட புடிச்சு வச்சே? பொழுது போவண்டாமா? மாமா வந்து கொஞ்ச நேரம் தாயேன்னாவ. பெறவு இவன் வந்தான். பிள்ளையப் புடிச்சு இழுத்துச் சண்டை. அதான் முறை வச்சுட்டோம்."

"பிள்ளைக்கா?"

"தண்ணிக்கு வைக்கலாம், நெட்டுக்கு வைக்கலாம், பிள்ளைக்கு வைக்கக் கூடாதா?" என்றார் மாமா. "மொதல்ல இவ. பெறவு நான். கடைசியா வின்ஸ்டன்."

"நான் தூங்காம முழிச்சிருந்து வாங்குற முறை அக்கா அது" என்றான் வின்ஸ்டன். ஐஸ் அவன் கைங்கரியம். கருவாடு மைனி. எல்லாம் வெளியே வந்தது.

"நான் குறைச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும்" என்றான் வின்ஸ்டன். "பாஸ்வேர்டு பிள்ள பேராத்தான் இருக்கும்னும் தெரியும். ரோஸ் போட்டேன், ஆவுடை போட்டேன், சிங்கம் போட்டேன். ஒண்ணும் தொறக்கல. இதழினின்னு ஒரு பேரு இருக்கதே மறந்துபோச்சுக்கா."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன் என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்று சாயங்காலமே எல்லாருடைய அளவையும் பழையபடி கூட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா தொண்டையைச் செருமினார். "எம்மா, ரொம்பக் கூட்டிராத. காலம்பற மட்டும் இப்பிடியே கெடக்கட்டும்."

ஜூன் 28

மெயில் வந்துவிட்டது. தேறிவிட்டேன். நிரந்தரம். கீழே ஒரு குறிப்பு: 'பின்னணியில் குழந்தைச் சத்தத்தைக் குறைக்கவும்.' எந்தப் பெயரைச் சொல்லிக் குறைப்பது என்றுதான் தெரியவில்லை.

கேமராவை மைனி வீட்டில் இருந்து எடுத்துவந்துவிட்டேன். என் போனில் மட்டும் அந்த நீலச் சட்டைப் படம் இன்னும் நிற்கிறது. அழிக்க மனம் வரவில்லை. நீங்கள் போன பிறகு நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை மட்டும்தான். அதை இவ்வளவு நாள் உங்களுக்கு எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன் என்று மேலே படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இன்று குழாயடியில் பிள்ளைக்கான முறையை மறுபடி பேசினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாருக்கும் ஒதுக்கவில்லை. ஏன், வின்ஸ்டன் வேலைக்குப் போகிற வரைக்கும் வைத்துக்கொள்ளட்டுமே என்றேன்.

"அது அவ அப்பன் முறை" என்றாள் ஜெயசீலி மைனி, குடத்தைத் தூக்கிக்கொண்டே. "வந்தா எடுத்துக்கிடட்டும்."

அத்தான், இந்த மாதம் முழுவதும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றே எழுதிவந்தேன். இப்போது கேட்கிறேன். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களா, வீட்டுக்கு வருகிறீர்களா? படம் வேண்டாம், குரல் வேண்டாம், ஒரு வார்த்தை போதும். 'சரி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், எதற்கு என்று எனக்குத் தெரியாது. 'வருகிறேன்' அல்லது 'வரவில்லை', இரண்டில் ஒன்று. இதை இப்போதே அனுப்புகிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.